நாலாவது ஆள்

மூன்று பேராகக் கிளம்பினால் போன காரியம் விளங்காது என்று முதன்முதலில் சொன்னவன் எவனோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் ஜீப்புக்கு முன்னால் நிற்க வைத்து ஆக்சிலேட்டரை மிதித்திருப்பேன். அவனால்தான் டிரைவிங் டெஸ்டில் நான் இரண்டு தடவை தோற்றேன். ஓட்டத் தெரியாமல் தோற்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். எனக்கு ஓட்டத் தெரியும். வாய்க்கால் ஓரத்தில், ஏற்றிய தக்காளிக் கூடை ஒன்றுகூடச் சரியாமல், ஜீப்பைப் பின்னால் எடுத்துத் திருப்புவேன். ஆனால் டெஸ்டுக்குப் போகிற அன்று ஓட்டத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, எங்கள் வீட்டில் ஆளும் எண்ண வேண்டும்.

எழுபத்தாறாம் வருடம் அது. கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் தோட்டம். என் அப்பா ஈஸ்வரமூர்த்தி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் அம்மா கமலாத்தாளும்தான். விளைகிற தக்காளியையும் கத்தரிக்காயையும் அப்பா வாங்கிய ஜீப்பில் ஏற்றிப் பொள்ளாச்சிச் சந்தைக்கு அனுப்புவோம். அப்பா காலத்திலிருந்தே எங்களிடம் இருந்த டிரைவர் பொங்கியண்ணன் ஓட்டுவார். அவருக்கு ஒரு பஸ் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. அந்த மாதம் முடிந்ததும் போய்விடுவார்.

இது காதில் விழுந்ததும் பெரியப்பா வந்து உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் அண்ணன். பெயர் சின்னையன் என்றாலும் எங்கள் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"பொம்பளைக மட்டும் இருக்கற ஊட்டுல எவனோ ஒருத்தனைப் புதுசா டிரைவரா வெக்கறதா? ஆவாது. ஜீப்பை வித்துப்போடலாம். வேலந்தாவளத்துல ஒருத்தரு கேக்கறாரு. உங்க காயை நம்ம வண்டியில ஏத்தியுட்டாப் போச்சு" என்றார்.

நம்ம வண்டி என்றால் அவருடைய வண்டி. காய் அவர் வண்டியில் போனால் விலை அவர் சொல்வதுதான். அப்புறம் என்ன விதைப்பது என்பதையும் அவரே சொல்வார். நாலு வெள்ளாமை போனால் எங்கள் தோட்டத்துக்கும் அவர் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வேலி காணாமல் போய்விடும். இது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஜீப்பை நான் ஓட்டறனுங்க பெரியப்பா" என்றேன்.

அவர் சிரித்தார். "ஓட்டு கண்ணு, ஆரு வேண்டாம்ங்கறா? லைசன்ஸ் எடுத்துட்டு வா. பொங்கியண்ணன் போறதுக்குள்ள எடுத்துட்டீன்னா ஜீப்பு உங்க ஊட்டுலயே இருக்கட்டும். இல்லீன்னா நான் சொல்றதக் கேட்டுக்கோணும்."

எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. முன்னாலும் பின்னாலும் 'எல்' போர்டு மாட்டி, காலையும் மாலையும் ஓட்டிப் பழகினேன். பாலக்காட்டில் டெஸ்டுக்குத் தேதியும் கிடைத்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

கிளம்புகிற அன்று காலையில் அம்மா வாசலுக்கு வரவில்லை. அப்பா போனதிலிருந்து அப்படித்தான். யார் எந்த நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் மாட்டுக்கொட்டகைக்குள் போய் நின்றுகொள்வாள். தாலி இல்லாதவள் எதிரே வந்தால் சகுனம் கெட்டுவிடுமாம். கொட்டகைக்குள் நின்றபடியே குரல் கொடுத்தாள்.

"ஆரெல்லாம் போறீங்க கண்ணு?"

"நானு, பொங்கியண்ணன், மாமா."

மாமா என்றது அம்மாவின் தம்பி நஞ்சப்பனை. கல்யாணமாகாத பெண் டிரைவரோடு தனியாகப் பாலக்காடு வரை போகக் கூடாது என்று துணைக்கு வந்திருந்தார்.

"மூணு பேரா? மூணு பேராப் போவக் கூடாது. நில்லுங்க, நாலாவதா ஒரு ஆளு வேணும்."

இரண்டு பேராகப் போனால் ஊர் பேசும். மூன்று பேராகப் போனால் காரியம் கெடும். அப்பா இருந்தவரை அம்மா இப்படி எண்ணி நான் பார்த்ததே இல்லை. இந்த ஒரு வருடமாகத்தான் இந்தப் பைத்தியம். பால் கறக்க மூன்று பேர் போனால்கூட ஒருவரைத் திரும்பக் கூப்பிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாமா ஓடிப்போய்த் தன் பெண்டாட்டி, என் அத்தை பெரியம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அத்தை பட்டுச் சீலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கையில் ஒரு பை முறுக்கோடு வந்து ஏறினாள்.

பாலக்காட்டு மைதானத்தில் இன்ஸ்பெக்டர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். மலையாளி. எங்கள் பக்கத்து ஆட்களிடம் பேசிப் பேசி பாதித் தமிழ் வைத்திருந்தார்.

"இதெந்தா, கல்யாணப் பார்ட்டியோ? எல்லாரும் எறங்ஙு."

"எறங்க மாட்டமுங்க" என்றாள் அத்தை. "காரியம் முடியற வரைக்கும் நாலு பேரும் பிரியக் கூடாதுங்க. நீங்க உங்க பாட்டுக்கு ஏறிக்கோங்க, எடமிருக்குது. முறுக்குத் திங்கறீங்களா?"

அவர் கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார். எங்கள் அத்தையோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார்.

நன்றாகத்தான் ஓட்டினேன். கியர் மாற்றினேன், கை காட்டித் திரும்பினேன். எதிரே ஒருவன் சைக்கிளில் வாழைக்குலை கட்டிக்கொண்டு தன் ஓரத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தான். அவனால் ஒரு தொந்தரவும் இல்லை. அத்தைக்குத்தான் அவன் எமனாகத் தெரிந்தான்.

"ஐயோ கண்ணு! புடி! புடி!" என்று பின்னாலிருந்து என் இரண்டு தோளையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். ஸ்டியரிங் என்னோடு சேர்ந்து திரும்பியது. ஜீப் ரோட்டை விட்டு இறங்கிப் புல்லில் போய் நின்றது. இன்ஸ்பெக்டர் மடியில் முறுக்கு கொட்டியிருந்தது.

"தோற்று" என்று மலையாளத்தில் தீர்ப்புச் சொன்னார். சட்டையைத் தட்டிக்கொண்டு இறங்கினார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அத்தை ஓயவில்லை. "நல்லவேளை நான் இருந்தேன். இல்லீன்னா அந்தச் சைக்கிள்காரன் கதி என்னாயிருக்கும்?" நான் பேசியிருந்தால் அசிங்கமாகப் பேசியிருப்பேன்.

அடுத்த தேதி வந்தது. இனிமேல் அந்த ஜீப்பில் ஏற மாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டாள். தலை சுற்றுகிறதாம். அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஆனால் கொட்டகைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அப்ப மறுபடி மூணு பேருதான? சித்தெ நில்லுங்க."

மாமா உள்ளே போனார். வெளியே வரும்போது இரண்டு கையாலும் எதையோ தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு அம்மிக்குழவி. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது.

"என்னுங்க மாமா இது?"

"நாலாவது ஆளு. ஆள் கெடைக்கலீன்னா கல்லை எடுத்துக்கலாம், தப்பில்லீன்னு உங்கம்மா சொல்றா. உங்க அத்தைக்கு இது எவ்வளவோ மேலு கண்ணு, வாயே தொறக்காது" என்று குழவியை என் சீட்டுக்குப் பின்னால் வைத்தார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பொங்கியண்ணன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினார். தூக்கி எறிந்திருக்க வேண்டும் நான். கொட்டகைக் கதவிடுக்கில் அம்மாவின் வெள்ளைச் சீலை தெரிந்தது. விட்டுவிட்டேன்.

மைதானத்தில் இந்தத் தடவை மாமாவும் பொங்கியண்ணனும் மறுபேச்சில்லாமல் இறங்கினார்கள். இறங்கும்போது மாமா என் காதில் சொன்னார்: "கல்லு உள்ளயே இருக்கட்டும் கண்ணு. நம்ம சார்பா அது வரும்."

வந்தது. மைதானத்தைச் சுற்றினோம். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், எடுத்தேன். பின்னால் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். இன்ஸ்பெக்டர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆற்றுப் பக்கம் இறங்குகிற ரோட்டில் விடச் சொன்னார். சரிவு தொடங்கியதும் சீட்டுக்கு அடியில் கடகடவென்று சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று எனக்கு விளங்குவதற்குள், "நிர்த்து" என்றார்.

பிரேக்கை மிதித்தேன். இறங்கவில்லை. மறுபடி மிதித்தேன். பெடலுக்கு அடியில் நாலாவது ஆள் வந்து வசதியாகப் படுத்திருந்தார். கீழே ஒரு தள்ளுவண்டி நிறைய பலாப்பழம். நான் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஜீப் உதறிக்கொண்டு, தள்ளுவண்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

இன்ஸ்பெக்டர் குனிந்து குழவியை வெளியே எடுத்தார். மஞ்சளும் குங்குமமும் அவர் கையில் ஒட்டின.

"இதெந்தா குட்டீ?"

"குழவிங்க."

"அது தெரியும். என் வீட்டிலும் உண்டு. இது எந்தினு வண்டியில்?"

என்ன சொல்ல? மூன்று பேராகக் கிளம்பக் கூடாது, அதனால் இது நாலாவது ஆள் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், குழவியைப் பார்த்தார். கோபம் வந்து, கோபத்தோடேயே சிரிப்பும் வந்து, இரண்டையும் அடக்கிக்கொண்டார்.

"குட்டி நன்னாயிட்டு ஓட்டும். ஹேண்ட் பிரேக் பிடிச்சதும் நன்னாயி. பட்சே பெடலின் அடியில் கல்லை வச்சு ஓட்டுற ஆளுக்கு ஞான் லைசன்ஸ் தந்தா என் வேலை போகும். அடுத்த தடவை ஆளும் வேண்டா, கல்லும் வேண்டா. போய்க்கோ."

அதற்குள் கதை பெரியப்பா காதுக்குப் போய்விட்டது. மாமாதான் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார், வேறு யார்? பெரியப்பா மறுநாளே வந்தார். வேலந்தாவளத்துக்காரரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். என் மூன்றாவது டெஸ்டும் அதே வெள்ளிக்கிழமைதான். அதற்கு மறுநாள் பொங்கியண்ணன் பஸ் கம்பெனிக்குப் போகிறார். அதற்கப்புறம் இன்னொரு தேதி கிடையாது.

வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பைத் துடைத்து நிறுத்தினேன். பொங்கியண்ணன் ஏறினார். மாமா ஏறினார். கொட்டகையிலிருந்து குரல் வந்தது.

"கண்ணு, மறுபடி மூணு பேரு..."

எனக்குப் பொறுமை போயே போய்விட்டது. சாவியோடு கொட்டகைக்குள் போனேன். அம்மா சாணிக் கையோடு மாட்டின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ரெண்டு பேராப் போனாத் தப்பு, மூணு பேராப் போனாத் தப்பு, தாலி இல்லாதவ எதுக்க வந்தாத் தப்பு. அப்புறம் ஆருதானுங்க போறது? இந்த எண்ணிக்கையாலயே ஜீப்பு போவப் போகுது. ஜீப்பு போனா தோட்டமும் போகும். அதுக்கப்புறம் உக்காந்து எண்ணிக்கிட்டே இருங்க!"

அப்படி நான் அம்மாவிடம் கத்தியதே இல்லை. மாடு மிரண்டு காலை மாற்றி வைத்தது. அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"உங்கப்பா போன அன்னைக்கும் மூணு பேருதான் கண்ணு. மாடு புடிக்கப் பொள்ளாச்சிக்கு. உங்கப்பா, பொங்கியண்ணன், அந்தத் தரகுக்காரரு. நான் வாசல்ல நின்னு எண்ணுனேன். நானும் வரட்டுங்களான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அடுப்புல சோறு வெந்துக்கிட்டிருந்துது. வெக்கமாவும் இருந்துது, சந்தைக்குப் பொம்பள என்னத்துக்குன்னு கேப்பாங்கன்னு. கேக்காம உட்டுட்டேன்."

அன்று சந்தையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான் அப்பா. அம்மா வந்திருந்தால் மட்டும் அந்த நெஞ்சு நின்றிருக்காதா? இது நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டுமா? ஒரு வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டா பால் கறக்கிறவர்களை எண்ணினாள்? பாவமாக இருந்தது. ஆத்திரமும் தீரவில்லை.

"அன்னைக்குக் கேக்கலீல்ல? இன்னைக்கு நான் கேக்கறேன். நாலாவது ஆளா நீங்க வாங்க."

"என்ன பேச்சு கண்ணு பேசற? நான் எப்படி, நல்ல காரியத்துக்கு..."

"வந்தாத்தான் நான் வண்டியெடுப்பேன். இல்லீன்னா சாவியப் பெரியப்பாகிட்டக் குடுத்துப் போடறேன்."

அம்மா மாட்டைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பிறகு தொட்டியில் கை கழுவினாள். முந்தானையில் துடைத்தபடி, ஒரு வருடமாக யார் கிளம்பும்போதும் வராத வாசலுக்கு வந்து, ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். மாமா வாயைத் திறக்கப் போனார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மைதானத்தில் இன்ஸ்பெக்டர் எங்களைக் கண்டதும் நேராகப் பெடலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"கல்லு எவிடெ?"

"கொண்டுவரலீங்க. கல்லுக்குப் பதிலா எங்கம்மா வந்திருக்காங்க."

அவர் பின்னால் பார்த்தார். வெள்ளைச் சீலையில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்ன நினைத்தாரோ, மாமாவையும் பொங்கியண்ணனையும் மட்டும் கை காட்டினார். "நிங்ஙள் ரெண்டு பேரும் எறங்ஙு. அம்மை இருக்கட்டே."

இருவரும் இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் ஏறினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான், இன்ஸ்பெக்டர், அம்மா. மூன்று பேர். அம்மா எண்ணுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று கிளட்சை விட்டேன்.

அவள் வாய் திறக்கவில்லை. மேட்டில் நிறுத்தி எடுத்தபோதும் திறக்கவில்லை. எதிரே ஒரு பஸ் வந்தபோதும் திறக்கவில்லை. ஆற்றுப் பக்கச் சரிவில் இறங்கும்போது என் சீட்டின் முதுகை அவள் இறுக்கிப் பிடிப்பது எனக்குத் தெரிந்தது. "நிர்த்து" என்றார். நிறுத்தினேன். மடியிலிருந்த அவருடைய பேனாகூட உருளவில்லை.

"பாஸ்" என்றார். இறங்கும்போது அம்மாவைப் பார்த்து, "கல்லைக் காட்டில் அம்மை பேதம்" என்றார். கல்லுக்கு அம்மா எவ்வளவோ மேல் என்கிறார். அம்மாவுக்குப் புரிந்ததோ என்னவோ, கை கூப்பினாள்.

திரும்பும்போது அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்தேன். வழியில் சித்தூர் தாண்டும் வரை வாய்க்காலையும், நட்ட வயலையும், எதிரே வருகிற வண்டிகளையும் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அங்க ஜீப்புக்குள்ள நாம மூணு பேருதான் கண்ணு இருந்தோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எண்ணுனீங்களா?"

"எண்ணாம? அந்தாளு ஏறுனதுமே எண்ணிப்போட்டேன்."

"அப்புறம் ஏனுங்க ஒண்ணும் சொல்லலே? பயமா இல்லீங்களா?"

"நாந்தான் உள்ள இருந்தனே" என்றாள் அம்மா.

கண் கலங்கியது. ரோடு தெரிய வேண்டுமே என்று துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

வீட்டு வாசலில் பெரியப்பாவும் வேலந்தாவளத்துக்காரரும் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓட்டி வந்ததை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்சீட்டிலிருந்து அம்மா இறங்கியதைப் பார்த்ததும் பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். அம்மா அவரிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் கிடையாது. என்னைப் பார்த்துத்தான் பேசினாள், ஆனால் வாசல் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"பாஸாயிருச்சுன்னு சொல்லு கண்ணு, உன்ற பெரியப்பாகிட்ட. வந்தவரு மோரு குடிச்சுட்டுப் போவட்டும். ஜீப்பு விக்கறதுக்கில்லே."

பொங்கியண்ணன் மறுநாள் போனார். அடுத்த சந்தைக்கு நானே ஓட்டினேன். கூடை இறக்க எங்கள் தோட்டத்து மூக்கம்மாள் வந்தால் போதும். நாங்கள் இரண்டு பேர். பேசாமல் கிளம்பியிருக்கலாம். ஆனால் மூக்கம்மாளின் மருமகளையும் கூப்பிட்டு ஏற்றினேன். அவள் எதற்கு என்று மூக்கம்மாளுக்குப் புரியவில்லை. ஹாரனை ஒரு அழுத்து அழுத்தி, வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"அம்மா! நாங்க மூணு பேரா இருக்கமுங்க!"

அவள் கொட்டகையிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். தலை வாரி, வெளுத்த சீலை உடுத்தி, கையில் பையோடு, எப்போதோ தயாராகிவிட்டவளாக வந்தாள்.

"இந்தப் புள்ளைக்கு எப்பப் பாத்தாலும் மூணு பேருதான். நாலு பேராக் கெளம்பத் தெரியுதா?" என்று சலித்துக்கொண்டே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.